கண்ணாடி வீட்டு வனிலா

சித்திரை வருடப் பிறப்பு கழிந்த வாரம், இத்தாலியிலிருந்து மச்சான் தொலைபேசியில் ஒரு தோட்டத்தைக் காட்டினார். அங்கே அப்போதுதான் குளிர் விட்டிருந்தது. மதிலுக்குள் வட்டமான பாத்திகள், கல் தொட்டியில் தண்ணீர், செடிக்குச் செடி பெயர் எழுதிய அட்டை. கண்டியில் ராஜாக்கள் இருந்த காலத்திலேயே போட்ட தோட்டமாம். ஒரு கண்ணாடி வீட்டுக்குள் நம் வாழையும் குரோட்டனும் வார்டில் கிடக்கும் நோயாளிகளைப் போல நின்றன. சிரித்திருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆள் வந்தால் கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வனிலாப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது என் வேலை. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் ஈர்க்குச்சியால் உள்ளேயிருக்கும் மெல்லிய தோலைத் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். தவறினால் காய் இல்லை. கொடிக்குப் பின்னால் நான் குனிந்து செய்துகொண்டிருக்க, முன்னால் நின்று தானே செய்வது போல மச்சான் விளக்குவார். கைதட்டல் அவருக்கு. பிறகு ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து இத்தாலிக்கும் அவரே போனார். படிவம் நிரப்பக் கூசி நான் இங்கேயே நின்றுவிட்டேன்.

அன்று கிழவரைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டுதான் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தார். கண்ணாடி வீட்டில் ஒரு வனிலாக் கொடி, விரியப்போகும் மொட்டுகளோடு. அங்கே பொறுப்பாக இருந்த அம்மாவிடம், தன் ஊரில் அதைக் காய்க்க வைத்தது தானே என்று சொல்லிவிட்டாராம்.

"வாய விட்டுட்டேன் மச்சான். நாளைக்கு வந்து செஞ்சு காட்டுன்னு அந்தம்மா சொல்லுது. சரியா வந்தா அங்கயே வேல குடுக்கும் போல. எத்தன மணிக்குச் செய்யணும்?"

பதினோரு வருடம் வாயால் சொன்னவருக்கு நேரம் ஞாபகமில்லை.

"மத்தியானத்துக்குப் பொறவு செய்ங்க," என்றேன். "பூ நல்லா விரியட்டும்."

மறுநாள் மாலை அழைத்தார். "போய்ப் பாத்தா சுருங்கிக் கெடக்கு. இந்த ஊர்க் குளிரு தாங்கல போல." என்மீது சந்தேகமே இல்லை. அந்த அம்மா முன்னால் வெட்கமாகிவிட்டது என்றார். இன்னும் ஒரு மொட்டு இருக்கிறது, நாளைக்குப் போனில் பார்த்துச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

"காலையிலயே போங்க," என்றேன்.

நான் கொடிக்கடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பூ, அவருடைய தடித்த விரல்கள், ஒரு பல்குச்சி.

"தோலத் தூக்குங்க. இன்னும். இப்ப அமுத்துங்க. மெதுவா மச்சான், மாடா புடிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். மகரந்தம் சரியாக ஒட்டியது. அந்தப் பூ காய்க்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் ஒருநாளும் மிதிக்கப்போகாத தோட்டத்தில், என் வேலை அவர் பெயரில் காய்க்கப்போகிறது என்று நினைத்தேன்.

மச்சான் தொலைபேசியை அந்த அம்மாவின் பக்கம் நீட்டி, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "நம்ம ஊர்ல செஞ்சது நானில்ல, இவருதான்னு சொல்லிட்டேன். கொஞ்சம் மொகத்தக் காட்டுங்க," என்றார்.

அந்த அம்மா கையசைத்தார். நேரத்தை மாற்றிச் சொன்ன முகத்தைக் காட்டாமல், நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடியைக் காட்டினேன்.

எனக்குக் கூச்சம் என்று மச்சான் சொல்லியிருப்பார். இருவரும் சிரிப்பது கேட்டது. அன்று அது கூச்சம் இல்லை.