அண்ணைக்கு ஒரு பச்சைக் கோடு

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த வருடங்களில் ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அம்மாவும் ஐயாவும் இடம்பெயர்ந்து போன ஊரிலேயே கண்ணை மூடிவிட்டார்கள். ஒரே அண்ணை லண்டனில். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். பின்னேரம் வந்து கதவைத் திறந்தால், காலையில் குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதை அங்கால் எடுத்துவைக்க ஒரு ஆள் இல்லையே என்று கோப்பையோடு கோபித்துக்கொண்ட நாட்களும் உண்டு.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு அண்ணை ஒரு மாத லீவில் வந்தார். தன்னுடைய பழைய மடிக்கணினியை எனக்கென்று கொண்டுவந்தார். வேலை முடிந்த நேரங்களில் அவர் நாணயச் சந்தையில் வாங்கி விற்பவர். பவுண் ஏறுமா, டொலர் இறங்குமா என்று வரைபடம் காட்டும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. அந்த வரைபடத்தில் தனக்கென்று ஒரு கோடு வேண்டும் என்றார். விலை சராசரிக்கு மேலே போனால் பச்சையாகவும் கீழே போனால் சிவப்பாகவும் மாறவேண்டுமாம். எனக்குச் சந்தையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சராசரி தெரியும். உதவிப் பக்கங்களை வாசித்து வாசித்து நிரலை நான் எழுதினேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து பிழை பிடித்தார். அந்த மாதம் மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

போவதற்கு முன் மென்பொருளின் பாதுகாப்புப் பிரதியை இரண்டு சீடிகளில் எழுதினார். ஒன்று அவருக்கு, மற்றது எனக்கு. இராணுவச் சோதனைச்சாவடியில் பிடித்துக் கேட்டால் அந்தக் கோடுகளையும் இலக்கங்களையும் எந்தப் பாஷையில் விளக்குவது? இரண்டின் மேலும் ‘தவக்காலப் பாடல்கள்’ என்று எழுதிவிட்டார்.

“இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்று சிரித்தார்.

போன பிறகு நத்தார்ப் பெருநாளுக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும்தான் எனக்குத் தொலைபேசி எடுத்துப் பேசுவார். பிறகு ஒருநாள் சாதாரண ஞாயிறு ஒன்றில் எடுத்தார். கம்பியூட்டர் செத்துப்போனதாம். வீடு மாறியதில் சீடியும் தொலைந்துவிட்டதாம். எங்கள் கோடு இல்லாமல் கை உடைந்தமாதிரி இருக்கிறதாம். என்னிடம் இருந்த மடிக்கணினியை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. சீடியைத் தேடினேன். அலுமாரியில் கிடந்த பாட்டுச் சீடிகளை ஒரு கட்டாகக் கட்டிக் கோயிலுக்குக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேலே எழுதியிருந்ததை நானே நம்பியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் பூசை முடிந்து வந்ததும் அண்ணை எடுப்பார். கிணற்றுக்கட்டருகே நின்றால்தான் சிக்னல் வரும். “கிடைச்சதோ?” என்று தொடங்குவார். பிறகு என்ன சமைத்தாய், கிணறு உவர்த்துப்போச்சோ, பின்வளவு வேலி நிக்குதோ என்று கதை நீளும். வெயில் தலையைச் சுட்டாலும் நகரமாட்டேன். திங்கள் முதல் சனிவரை அந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சீடி கிடைத்துவிட்டால் அழைப்பு நின்றுவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனாலும் தேடினேன். அவருக்குத் தேவையாம், நான் எப்படித் தேடாமல் இருப்பேன்?

கோயிலில் மணி அடிப்பவரிடம் கேட்டேன்.

“அது பாடேல்ல ரீச்சர். அணில் வராமல் மாதுளையில கட்டிவிட்டனான்” என்றார்.

உண்மைதான். கோயில் வளவில் மாதுளங்காய்களுக்கு நடுவே எங்கள் கோடு வெயிலில் சுழன்றுகொண்டிருந்தது. அவிழ்த்துக்கொண்டு வந்து கழுவினேன். பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர் அதை வாங்கி முனகியது, துப்பியது, திரும்ப வாங்கியது. கடைசியில் பிரதிக் கோப்பு வந்தது, ஆனால் திறக்கவில்லை. அதை வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகக் குப்பைக் குறிகள். நடுவே ஒரு இடத்தில் நான் எழுதிய வரி! பாடம் முடிந்த பின்னேரங்களில் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வரி வரியாகப் பொறுக்கினேன். விடுபட்ட இடங்களை நினைவில் இருந்து நிரப்பினேன். கோடு வரையும் நிரல் ஒரு கோப்பு, சராசரி கணக்கிடும் நிரல் இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது ஒன்றையும் வரையாது.

இடம்பெயர்ந்து திரிந்த சனம் எதையும் ஒரே பையில் வைக்காது. காணி உறுதி ஒரு பையில், நகை இன்னொன்றில். அந்தப் புத்தி எனக்கும் போகவில்லை. இரண்டு கோப்புகளையும் இரண்டு பிளொப்பித் தட்டுகளில் எழுதி, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைக் குடை வைக்கிற பையிலும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன். மண்டைதீவுச் சந்தியில் இறக்கிச் சோதித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இன்ரநெற் கடையில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பெரிய காரியம் முடித்தவளாய் வீட்டுக்கு வந்தேன். குடையை எடுத்தபோது அடியில் சராசரி நிரல் இருந்த இரண்டாவது பிளொப்பி கிடந்தது. அதை அனுப்பவே இல்லை. எனக்கு என்மேலேயே விசர் வந்தது. திரும்பிப் போகப் பஸ்ஸும் இல்லை.

மறுநாள் கிணற்றடியில் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். நான் வாய் திறக்க முன்னமே அண்ணை சொன்னார்:

“கிடைச்சது பிள்ளை. அந்தமாதிரி, திறமா வேலை செய்யுது.”

“கோடு வருகுதோ அண்ணை?”

“ஓம் ஓம். பச்சையும் சிவப்புமா வடிவா வருகுது.”

இரண்டாவது கோப்பு இல்லாமல் வர ஏலாது. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பின்னேரங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இதற்கா? சந்தையை அவர் எப்போது விட்டாரோ தெரியாது. இத்தனை ஞாயிறும் அவர் கோட்டுக்காக எடுக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. அங்கேயும் ஒரு மேசையில் ஒரு கோப்பைதான் இருந்திருக்கிறது.

“அப்ப... வேறை என்ன?” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப ஃபோனை வைக்கட்டோ?” என்றார்.

“அண்ணை, வையாதேங்கோ. அந்தச் சராசரியில ஒரு சின்னப் பிழை இருக்கு. திருத்தவேணும். கொஞ்ச நாள் செல்லும்.”

“அவசரமில்லை, ஆறுதலாச் செய் பிள்ளை” என்றார். “நான் வாற ஞாயிறு எடுத்துக் கேக்கிறன்.”

கணிதம் படிப்பிக்கிற நான் அந்தச் சின்னப் பிழையைத் திருத்தச் சில வருடங்கள் எடுத்தேன்.