வருத்தமில்லாதவளுக்கு ஒரு குளிசை

எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்றால் போதும், விளங்கிவிடும். அம்மாவை அதுதான் கொண்டுபோனது. பிறகு அக்காவுக்கும் மார்பில் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வராமலிருக்க அவள் தினமும் ஒரு குளிசை குடிக்க வேண்டும். அக்கா இருந்தது கட்டைபறிச்சானில். கிளினிக் நாளில் மூதூரிலிருந்து லோஞ்ச் ஏறிக் கடல் கடந்து திருகோணமலைக்கு வருவாள். நான் கந்தோரில் லீவு போட்டுவிட்டு ஜெற்றியில் போய் நிற்பேன்.

அப்படிப் போன ஒருநாள்தான் பெரிய டொக்டர் இந்தக் கதையை என் தலையில் போட்டார். அக்காவைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கும் இருந்தது, அக்காவுக்கும் வந்திட்டுது. தங்கச்சியும் இதே குளிசையை அஞ்சு வருஷம் எடுக்கலாம். வாற சாத்தியம் குறையும்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர்."

"அதுதான். வரமுன்னம் எடுக்கிறது."

அக்கா மருந்து வரிசையில் நிற்கப் போனாள். அவள் போன பிறகுதான் டொக்டர் மிச்சத்தைச் சொன்னார். குடிக்கிற காலத்தில் பிள்ளை தங்கக்கூடாது. கருப்பைக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு, இரத்தம் உறையவும் கூடும். குடித்தால் வராது என்று உறுதி சொல்ல முடியாது, குடிக்காவிட்டால் வரும் என்றும் சொல்ல முடியாது.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்கள்தான் முடிவெடுக்க வேணும். கேட்டால் எழுதித் தருவன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. டொக்டரிடம் போவதே அவர் சொல்வதைக் கேட்கத்தானே. "நீங்கள் சொல்லுறதுதான் டொக்டர்" என்றே பழகிய வாய்க்கு வேறு என்ன வரும்? நான் கலியாணம் முடித்ததே முப்பத்தைந்து தாண்டித்தான். ஒரு பிள்ளை வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உம்மட விருப்பம்" என்றார். அவரும் டொக்டருக்குப் படித்திருக்கலாம்.

பிறகு டவுணில் எங்களைச் சிறுவயதிலிருந்து பார்த்த வயதான டொக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சுகமா இருக்கிற பிள்ளைக்கு நான் மருந்து குடுக்கமாட்டன். அவர் சொன்னது பிழையெண்டு சொல்லேல்ல. ஆனா நாளைக்கு உமக்குக் கால் வீங்கினால் ஆர் பாக்கிறது? இந்தச் சண்டைக்குள்ள றோட்டைப் பூட்டினால் எங்க கொண்டு ஓடுறது?"

அதுவும் சரியாகவே பட்டது. எழும்பும்போது கேட்டேன், "உங்கட மகளெண்டால், டொக்டர்?"

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "மகளெண்டால் குடுப்பன் போல கிடக்கு," என்றார். போனதைவிடக் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் அக்கா கேட்பாள், "டொக்டரிட்டக் கேட்டனியோ?" யோசிக்கிறேன் என்பேன். பிள்ளை தங்கக்கூடாது என்ற கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. தன் மார்பில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் எனக்குப் பிள்ளை ஆசை என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாட்டில் சண்டை இறுகத் தொடங்கியிருந்தது. லோஞ்ச் ஒருநாள் ஓடும், மறுநாள் நிற்கும். ஜெற்றியில் நேவிக்காரர் பைகளைக் கிளறிப் பார்ப்பார்கள். அப்படி ஒருநாள் அக்காவின் பைக்குள்ளிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் கொட்டினார்கள். எல்லாம் பிளேட்டால் வெட்டிய பாதிக் குளிசைகள்.

"ஏன் எல்லாம் பாதி?" என்று நேவிக்காரன் தெரிந்த தமிழில் கேட்டான்.

"தங்கச்சிக்கு," என்று அக்கா என்னைக் காட்டினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியில் வந்ததும் அவளை ஒரு மர நிழலில் நிறுத்திக் கேட்டேன்.

"அதே குளிசைதான் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ. நீ வெக்கத்தில கேக்கமாட்டாய். அதுதான் நான் பாதியைக் குடிச்சிட்டு மற்றப் பாதியை உனக்கு எடுத்து வைக்கிறனான். லோஞ்ச் நிண்டிட்டால் பிறகு எப்பிடித் தாறது?"

"எப்ப தொடக்கம்?"

"அவர் சொன்ன அண்டு தொடக்கம்தான்."

"உங்களுக்கு விசரோ அக்கா?" நான் கத்திய கத்தலில் சனம் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் ஒருத்திக்குத் தந்த காய்ச்சல் மருந்தை மற்றவளும் குடிப்பது வழக்கம்தான். ஆனால் இது அப்படிப் பங்குபோடுகிற மருந்தா? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இனி முழுக் குளிசையைக் குடியுங்கள் என்று கெஞ்சினேன்.

"நீ உனக்கு எழுதி எடு. நீ குடிக்கிறதைக் கண்டால் நான் முழுசாக் குடிக்கிறன்," என்றாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

அன்றைக்கே பெரிய டொக்டரிடம் கேட்டேன். பாதி குடித்த மாதங்களால் அக்காவுக்குக் கெடுதி வந்திருக்குமா என்றதற்கு, "சொல்ல ஏலாது" என்றார். எனக்கும் எழுதித் தாருங்கள் என்றதற்கு, "நல்லா யோசிச்சனீங்களோ?" என்றார். ஓம் என்றேன். எழுதித் தந்தார்.

கொஞ்சக் காலத்தில் அக்காவும் இடம்பெயர்ந்து என் வீட்டுக்கே வந்துவிட்டாள். காலையில் இருவரும் குசினிக்குள் நின்று ஒன்றாகவே விழுங்குவோம். என் ஐந்து வருடக் குளிசை முடிய முன்பே சண்டை முடிந்துவிட்டது. எனக்கு நாற்பதும் தாண்டிவிட்டது.

அக்கா நன்றாக இருக்கிறாள். எனக்கும் அந்த வருத்தம் வரவில்லை. குளிசையால் வரவில்லையா, குடிக்காவிட்டாலும் வந்திருக்காதா என்று கேட்டால் எந்த டொக்டரிடமும் பதில் இல்லை. நானும் ஒருநாள் அப்படியும் மறுநாள் இப்படியும் யோசித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை, தான்தான் என்னைக் காப்பாற்றியதாக நினைக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எனக்கு ஏன் பிள்ளையில்லை என்று கேட்டால் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"பிந்திக் கலியாணம் கட்டினவள். கடவுள் குடுக்கேல்ல."

நான் ஓம் என்று தலையாட்டுவேன்.