ஒரு சேலையில் ஐந்து பைகள்

அண்ணி எனக்குத் தந்த முதல் தீபாவளிப் பரிசு ஒரு பால்மாவு டின். காலி டின்னுக்குச் சந்தன நிறத் துணியில் உறை தைத்து, மூடியைச் சுற்றி வெள்ளை லேஸ் ஒட்டி, உள்ளே அச்சுமுறுக்கு அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் அதை என்னிடம் நீட்டினார். துணியின் ஓரத்தில் பாதியோடு வெட்டுப்பட்ட ஒரு ரோஜாப்பூ இருந்தது. ஜன்னல் திரைக்கு நாங்கள் லங்சார் என்றுதான் சொல்வோம். ஈப்போவில் ஒரு லங்சார் கடையில் அண்ணிக்குத் தையல் வேலை. யாரோ ஒரு பெரிய வீட்டு ஜன்னலுக்குத் தைத்து மிஞ்சிய துண்டு அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, டின்னைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் துணிக் கிளிப்புகள் போட வைத்தேன். மழையில் நனைந்து இரண்டு வாரத்தில் துணி கறுத்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது அண்ணி அதைப் பார்த்தார். எங்களுக்குள் பகை அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். தொடங்கி வைத்தவள் நான்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழையது என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டில், மகளுக்குச் சிறியதாகிப்போன கவுன்களை அம்மாவிடம் கொடுப்பார்கள். ஒரு தீபாவளிக்கு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கிராணியின் மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "கக்கத்துல கிழிஞ்சிருந்துச்சு, எங்கம்மாதான் தைச்சாங்க. பாருங்க," என்று தன் சிநேகிதிகளுக்குக் காட்டினாள். அவள் சொன்ன இடத்தில் தையல் இருந்தது. அதன் பிறகு அந்த கவுனை அம்மா எத்தனை அடித்தும் நான் போடவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியதும் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் யாருக்குப் பரிசு கொடுத்தாலும் அது கடை வாசம் போகாத புதுப்பொருளாக இருக்கும்.

அண்ணியோ எதையும் எறியாதவர். "தூக்கிப் போட சாயாங்லா," என்பார். வீணாக்க மனம் வரவில்லை என்பதற்கும் அன்புக்கும் மலாயில் அந்த ஒரே சொல்தான். என் கல்யாணத்துக்கு லங்சார் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்துத் தந்தார். என் மகன் பிறந்தபோது அண்ணனின் பழைய சட்டைகளை வெட்டி ஆறு குட்டிச் சட்டைகள். தைப்பிங்கில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று எட்டு நாற்காலி மெத்தை உறைகள், எட்டும் எட்டு நிறம். என் மாமியார் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "உங்க அண்ணி கடையவே கூட்டி அள்ளிக்கிட்டு வந்துட்டாங்க போல," என்று சொல்ல, வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் கூடச் சிரித்தார். எனக்கு மட்டும் கக்கத்தில் அந்தப் பழைய தையல் மறுபடி உறுத்தியது. மெத்தை உறைகளை அலமாரியின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன். அந்தச் சட்டைகள் மட்டும் வேறு கதை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி அது. என் மகன் வேறு எந்தச் சட்டையிலும் அவ்வளவு நன்றாகத் தூங்கியதில்லை. அதை நான் அண்ணியிடம் இதுவரை சொன்னதில்லை.

முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. ஈப்போவில் கடைக்காரர் விரித்துக் காட்டியபோது அம்மா தொட்டுப் பார்க்கவே தயங்கினார். அதை அவர் கட்டியது மிஞ்சிப்போனால் நான்கைந்து தடவை. ஒருமுறை சைக்கிள் சங்கிலியில் மாட்டிக் கரையோரம் கிழிந்தபோது, பச்சை நூல் கிடைக்காமல் நீல நூலால் இழையோட்டி வைத்தார். "நான் போன பெறகு இத நீ எடுத்துக்கோ பாப்பா. நெருப்புல போட்டுறாதீங்க," என்று அதை மடிக்கும்போதெல்லாம் சொல்வார். தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்ததும், அம்மா ஈப்போவில் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார். கடைசி மூன்று வருடம் படுக்கைதான். நான் மாதம் ஒரு முறை காரில் போய் வருவேன். புது நைட்டி, புதுப் போர்வை, புதுத் துண்டு வாங்கிக்கொண்டு போவேன். போன மாதம் வாங்கிக் கொடுத்த நைட்டி இந்த மாதம் கிழிக்கப்பட்டு அம்மாவைத் துடைக்கும் துணியாகக் கிடக்கும். எனக்கு நெஞ்சு எரியும். துடைத்தது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அம்மா காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி எனக்குப் போன் செய்தார். அம்மாவின் அலமாரியை வந்து பார்க்கச் சொன்னார். "அப்புறம் வாரேன் அண்ணி," என்றேன். நான்கு மாதம் கழித்து மறுபடி அழைத்தார். அதையே சொன்னேன். அந்த அலமாரியைத் திறந்தால் வரப்போகும் அம்மாவின் வாசத்துக்குப் பயந்தேன். இதை அண்ணியிடம் சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அண்ணன் மகளுக்கு ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பிளாஸ்டிக் இல்லாத நிச்சயதார்த்தம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் முன்பே பெருமையாகச் செய்தி போட்டிருந்தாள். வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஜாம் போத்தலில் முறுக்கு, சின்னதாக ஒரு செடி, 'பழையதைப் போற்றுவோம், பூமியைக் காப்போம்' என்று ஓர் அட்டை. எல்லோரும் பையைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நீலப் பூப்போட்ட பை. எங்கோ பார்த்த பூவாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மாமா மகளின் மடியில் மாம்பழ மஞ்சளில் ஒரு பை. அதன் வாய்ப்பகுதியில் பச்சைக் கரை. கரையோரம் நீல நூல்.

நான் அண்ணியைத் தேடிப் போனேன். மண்டபத்தின் பின்பக்கம் தாம்பூலத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அது அம்மாவோட மஞ்சச் சேலை."

"ஆமா. எல்லாமே மாமியோடதுதான். பதினாலு சேலை. ஒரு சேலைக்கு அஞ்சு பை வந்துச்சு," என்றார் நிமிராமலே.

"அது எனக்குன்னு அம்மா சொன்னது."

"ஒனக்குச் சொன்னாங்க. எனக்கு யாரு சொன்னா? ரெண்டு தரம் போன் பண்ணேன். அப்புறம் வாரேன், அப்புறம் வாரேன்னே. பூச்சி அரிக்க ஆரம்பிச்சிருச்சு பாப்பா. குப்பையில போடச் சொல்றியா?"

"போட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் முறுக்கு கட்டிக் குடுக்கறதுக்கு அது மேல்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க அம்மா சேலையா இருந்தா இப்படிக் கத்திரிக்கோல வைப்பீங்களா?"

அண்ணி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கம்மா செத்தப்ப வெட்டறதுக்குச் சேல இல்ல," என்றார். "ஒன்னு இருந்துச்சு. அது அவங்களோட போயிருச்சு."

அண்ணியின் தாயார் சுங்காய் பக்கத் தோட்டமொன்றில் இறந்தவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருபத்தைந்து வருட உறவில் அதற்குமேல் நான் கேட்டதில்லை. அந்தப் பதில் என்னை அடக்கியிருக்க வேண்டும். மாறாக, எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. உள்ளே போய் மாமா மகளின் மடியிலிருந்து அந்தப் பையைப் பிடுங்கினேன். போத்தல் விழுந்து உடைந்தது. செடியும் முறுக்கும் கண்ணாடியும் தரையில் சிதறின. மணையில் உட்கார்ந்திருந்த பெண் அழத் தொடங்கினாள். அண்ணன் வந்து என் முழங்கையைப் பிடித்து, மிகவும் தாழ்ந்த குரலில், "வீட்டுக்குப் போ பாப்பா," என்றார். என் அண்ணன் என்னை ஓரிடத்திலிருந்து போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மற்ற மஞ்சள் பைகள் யார் யாருக்குப் போயின என்று மட்டும் கேட்டேன். அவள் ஒரே வரியில் பதில் போட்டாள். மஞ்சள் சேலைப் பைகளைப் பாட்டியின் நெருங்கிய சொந்தங்களுக்கென்று தன் அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தார்; என் தாய்மாமாவான தைப்பிங் மாமாவுக்கு ஒன்று, சுங்கை சிப்புட் சித்தப்பாவுக்கு ஒன்று, சுங்காய் சின்னம்மாவுக்கு ஒன்று. ஐந்தாவது பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். சித்தப்பா வீட்டில் அது மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியது. உள்ளே ஸ்பேனர்களும் எண்ணெய்த் துணியும் கிடந்தன. சித்தப்பா வெட்கப்பட்டு, "நல்லா பாரம் தாங்குதும்மா, அதான்," என்றார். பையை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அண்ணியைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை துவைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. இருவரும் ஒரே மர நிரையில் பால் வெட்டியவர்கள். நான் போனபோது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகள், அடையாள அட்டை, கிளினிக் புத்தகம் எல்லாம் இருந்தன. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். காலிப் பையை என்னிடம் நீட்டவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ. ஒன்னு மட்டும் கேக்கறேன். எங்கக்கா செத்து ஒரு வருசமாச்சு. அவ ஞாபகமா நீ எனக்கு என்னா கொண்டாந்த? ஒரு கைக்குட்டை?"

சின்னம்மா காலிப் பையை மடியில் வைத்து நீவினார்.

"ஒங்க அண்ணிய எனக்குப் பிடிக்காது. வாய் ஜாஸ்தி. கருமி. ஆனா அவதான் எனக்குன்னு எடுத்து வச்சா. நீ ஒனக்குன்னுதான் கேக்கற."

சின்னம்மா மாத்திரைகளை மறுபடி பைக்குள் போடத் தொடங்கினார். நான் தேநீர் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சுங்காயிலிருந்து தைப்பிங் வரை நல்ல மழை. பொருளை எறியாமல் பயன்படுத்துவது பெரிய குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டும் முன் அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று எனக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். எப்படி வாதாடினாலும் அது அண்ணியின் அந்த இரண்டு போன் அழைப்புகளிடம் வந்து நின்றது.

ஆறு மாதம் கழித்துக் கல்யாணம். அண்ணன் மட்டும் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். கடையில் புதிதாக ஒரு பெரிய மின்சாரச் சோற்றுப் பானை வாங்கி, கடைக்காரரையே பளபளப்புத் தாளில் சுற்றச் சொல்லி எடுத்துப் போனேன். மண்டப வாசலில் அண்ணி நின்றிருந்தார். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை. இடது தோளில் அந்த ஐந்தாவது மஞ்சள் பை. நகைப்பெட்டிச் சாவியும் மாப்பிள்ளைக்குப் போடும் மோதிரமும் அதற்குள்தான் இருந்தன என்று பிறகு தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர் தன் மகளின் கல்யாணத்தில், அத்தனை பட்டுக்கு நடுவில், என் அம்மாவின் சேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அது என் அம்மாவுக்குச் செய்த மரியாதையா, எனக்குச் செய்த அவமரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பரிசை அவர் கையில் கொடுத்தேன். கண் பையின்மேலேயே இருந்தது.

"கேட்டிருக்கலாம் அண்ணி," என்றேன்.

"வந்திருக்கலாம் பாப்பா," என்றார்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நான் மன்னிக்கவில்லை. அவரும் மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மூன்று பைகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, பூச்சி வராமல் மருந்து உருண்டை வைத்து என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எதற்கும் எடுப்பதில்லை. போன வாரம் சின்னம்மாவின் மகள் ஒரு படம் அனுப்பினாள். கிளினிக்கில் வரிசை எண்ணுக்காகச் சின்னம்மா காத்திருக்கிறார். மடியில் மஞ்சள் பை. அதன் காது அறுந்து, புதிதாக ஒரு பட்டை வைத்துத் தைத்திருந்தது. சந்தன நிற லங்சார் துணி, நெருக்கமான தையல். அதை யார் தைத்துக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.