கடல் பார்க்கப் போய் மலையடியில் தங்கியது

கடல் காற்று பட்டால் அம்மாவுக்கு உடம்பு தேறும் என்று எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சொன்னார். தம்பிப் பாப்பா பிறந்த சில நாளிலேயே போய்விட்ட பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவுமில்லை. லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, துரையிடம் கெஞ்சி லீவு வாங்கினார். சிங்கப்பூரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, "இது தீவு மச்சான். எங்க திரும்பினாலும் கடல்தான். கூட்டிக்கிட்டு வாங்க" என்று முன்பே சொல்லியிருந்தார்.

ரயில் ஜொகூர் பாருவைத் தாண்டிக் கடற்பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர். இங்கேயே இறங்கிவிடலாம் என்று நான் குதித்தேன். ரயில் கேட்கவில்லை. மறுகரையில் காட்டுக்குள் நுழைந்து, எங்களை புக்கித் தீமாவில் இறக்கிவிட்டது. மாமாவின் வீடு கல் உடைக்கும் மலைக்கு அடியில் இருந்தது. வெடி வைத்தால் கூரைத் தகரம் நடுங்கும். வாசல் செடியெல்லாம் வெள்ளைத் தூசி. கடலின் வாசனைகூட இல்லை.

"கடல் எங்க மாமா?"

"தீவுன்னா சுத்தியும் கடல்தாம்மா. நாம நடுவுல இருக்கோம்."

அதில் தவறொன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தோட்டத்து வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா, இங்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். லீவு முடியப்போகிற சமயத்தில்தான் மாமா ஒரு கல் லாரியைப் பிடித்து எங்களை பாசிர் பாஞ்சாங் கரைக்கு அழைத்துப்போனார். போய்ப் பார்த்தால் நீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு.

"போன தடவை இங்கதான் இருந்துச்சு" என்றார் மாமா.

அப்பா அவரைக் கடிந்துகொண்டிருந்தார். நான் நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அப்பா, "உங்க அக்கா எங்க?" என்றார்.

சேற்றின் கடைக்கோடியில் அம்மாவின் சிவப்புச் சேலை தெரிந்தது. தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. இப்போது அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். மாமா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா முழங்கால் நீரில் குனிந்து நின்றிருந்தாள். முந்தானை நிறையச் சிப்பி.

"எதுக்கு இப்படி ஓடியாறீங்க? கடல்தான் வரமாட்டேங்குது, நாமளாவது போய்ப் பார்ப்போம்னு வந்தேன்." அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஐயோ, வேட்டியப் பாருங்க!" என்று சிரித்துவிட்டாள். பிறகு, "பசிக்குதுங்க" என்றாள்.

அப்பா அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மாமா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

கண்ணில் சேறு தெறித்துவிட்டது போலும் என்று நினைத்தேன். பாவாடை நுனியைக் கடலில் நனைத்து அப்பாவிடம் நீட்டினேன். உப்புத் தண்ணீர் ஆயிற்றே என்பது அவர் துடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

"எரியுதாப்பா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு."

உப்புத் தண்ணீர் பட்டும் ஒருவருக்குக் கண் எப்படி எரியாமல் இருக்கும் என்று, லாரியில் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.