களிக்கு ஒரு ஜெபம்

ஸ்ரீ சிட்டி கம்பெனி கேன்டீனில் இன்று கேழ்வரகுக் களி. அதன் சூட்டு வாசனை பட்டதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

வரதய்யபாளையத்தில் என் அப்பா, நைனா, கூலிக்கு நிலக்கடலை பிடுங்கப் போவார். வீட்டில் மூன்று வேளையும் களிதான். "ஸ்தோத்திரம் சொல்லிட்டு துன்னும்மா" என்பார். நான் முனகிக்கொண்டே தின்பேன்.

ஒரு ஞாயிறு, சபையில் போதகர் ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்றேன். "எங்க வூட்ல தெனமும் களிதான். நைனா அரிசி வாங்கிக்கினு வரணும்னு ஜெபம் பண்ணுங்க."

ஆண்கள் உட்காரும் பாயில் நைனாவின் தலை கவிழ்ந்தது. சபையே கண்ணை மூடி, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தது. சாயங்காலம் நாலு வீட்டு அரிசி எங்கள் வாசலுக்கு வந்தது. அந்தச் சோற்றை அவர் தொடவில்லை.

வீட்டில் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறு ஞாயிறு சபையில் எழுந்து, "களிக்கு ஸ்தோத்திரம். நான் முறுமுறுத்தது தப்பு" என்றேன். ஆண்கள் பாயில் அவர் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு சவப்பெட்டியில்தான் அவர் சபைக்குள் வந்தார்.

"இன்னிக்கும் களியாக்கா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண் சலித்துக்கொண்டாள்.

நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். கர்த்தர் அன்றைக்கே மன்னித்திருப்பார். நைனா காதில்தான் நான் கேட்ட மன்னிப்பு விழவேயில்லை.