ஆச்சி செய்யச் சொன்ன கறுப்புக் கார்

போன வருடம் சித்திரை மாதம், நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டு வளவில், நடு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நடந்தது இது. நான்கு மாதம் கண் வலிக்க உட்கார்ந்து நான் செய்து கொண்டுபோன மாடல் கார், என் கண் முன்னாலேயே நொறுங்கிப் போனது. நொறுக்கியவர் அதைச் செய்யச் சொன்ன ஆச்சியேதான். இப்போது எழுதும்போதும் அந்தச் சத்தம் காதில் விழுகிறது.

நான் இருப்பது காரைக்குடியில். பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவார்கள். நான் கார்ப் பைத்தியமாகிவிட்டேன். பட்டறைகளின் பின்பக்கம் முள்செடி மூடிக் கிடக்கும் பழைய கார்களை வாங்கி வந்து ஓட வைப்பேன். அது அலுத்துப்போனால், அதே மாதிரிக் கார்களைத் தகரத்திலும் தேக்கிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்குச் செய்வேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், டிக்கிக்குள் ஸ்டெப்னிகூட இருக்கும்.

"பெரிய காரு ஷெட்ட அடைச்சுக்கிச்சு, சின்னக் காரு சாப்பாட்டு மேசைய அடைச்சுக்கிச்சு. நான் எங்குட்டுப் போறது?" என்பாள் என் மனைவி. காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

வலையபட்டியில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்காக அந்த வீட்டுப் பழைய காரை மாடலாகச் செய்து கொடுத்திருந்தேன். விசேஷத்துக்கு வந்திருந்த ஒரு ஆச்சி அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். மறுநாள் என் நம்பரை வாங்கி போன் செய்தார்.

"எங்க வீட்லயும் ஒரு காரு இருந்துச்சு தம்பி. வித்து ரொம்பக் காலமாச்சு. அது மாதிரி ஒன்னு செஞ்சு தருவீகளா?"

நெற்குப்பைக்குப் போய்ப் பார்த்தேன். எண்பது வயதை நெருங்கும் ஆச்சி. கணவர் இல்லை. மகன் சென்னையில் இருந்து அடிக்கடி வந்து போகிறார். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் சமையலுக்கு ஒரு பெண்ணும் மட்டும்தான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் கறுப்புக் கார். இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய வண்டி. இரண்டு பக்கமும் ஏறுவதற்குப் படி, டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

மாடல் கேட்கிறவர்கள் எல்லாம் பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா, பம்பர் மின்னுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்த ஆச்சி வேறு மாதிரி. "வெளிய முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை தம்பி. உள்ள சரியா இருக்கணும்" என்றார். பின் சீட்டு சிவப்புத் தோல், நடுவில் ஒரு கிழிசல். கண்ணாடி இறக்குகிற திருகு ரொம்ப இறுக்கம். இடது பின் கதவில் உள்பக்கக் கைப்பிடி கிடையாது, உடைந்து போனதை மாற்றவேயில்லை. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். காரை இவ்வளவு நேசித்தவரா என்று எனக்கு ஆச்சரியம். நம்ம ஜாதி ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வீடு வந்தேன். கார்ப் பைத்தியங்களின் ஜாதியைச் சொல்கிறேன்.

வேலை மும்முரமாக நடந்தது. போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அப்படிப் பார்க்கும்போதுதான் பின் ஜன்னலில் ஒரு சின்ன முகம் தெரிந்தது. மூன்று நான்கு வயதுப் பெண் பிள்ளை. ரெட்டைச் சடை, ரிப்பன். போட்டோ எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆச்சி இதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மறந்திருப்பார், நாம் ஆச்சரியப்படுத்தலாம் என்று தோன்றியது. தேக்கில் ஒரு சின்னப் பொம்மை செதுக்கினேன். நீல கவுன், சிவப்பு ரிப்பன். பின் சீட்டில், இடது ஜன்னலை ஒட்டி உட்கார வைத்துப் பசை போட்டு ஒட்டினேன்.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அவுக கேக்காதத எதுக்குச் செய்றீக?" என்றாள்.

"கேட்டதை மட்டும் செய்யறதுக்கு நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்றேன். அந்த மண்டைக்கனத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மாடலை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, நான் அப்போதுதான் வேலை முடித்திருந்த ஒரு பழைய காரிலேயே நெற்குப்பைக்குப் போனேன். பதினொரு மணி வெயில் கொளுத்தியது. ஆச்சியின் மகனும் வந்திருந்தார். வளவில் நிழல் விழுகிற பக்கமாக ஒரு பாய் விரித்து ஆச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கை ஒன்று கிடந்தது. சமையல்கட்டுச் சாமான், யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

காரை எடுத்துத் தரையில் வைத்தேன். மகன், "அடேயப்பா, அப்படியே இருக்கே" என்றார். ஆச்சி குனிந்து, வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், நகத்தால் இடது பின் கதவைத் திறந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இது யாரு?"

"போட்டோவுல ஒரு பாப்பா இருந்துச்சு ஆச்சி. விட்டுப்போகக் கூடாதுன்னு வச்சேன்" என்றேன், பெருமையாக.

ஆச்சி விரலை உள்ளே விட்டு அந்தப் பொம்மையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"எடுங்க தம்பி."

"ஒட்டியிருக்கு ஆச்சி. எடுத்தா சீட்டுப் பிஞ்சிரும்."

"பிஞ்சா பிய்யட்டும். மொதல்ல அவள வெளிய எடுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் ஏன், எதற்கு என்று கேட்கிற தைரியம் வரவில்லை. பாக்கெட்டில் இருந்த சின்னக் கத்தியை உள்ளே விட்டு நெம்பினேன். சிவப்புத் தோல் கிழிந்து பொம்மை கையோடு வந்தது. ஆச்சி அதை வாங்கி இடது கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு அந்த உலக்கையை எடுத்தார்.

முதல் அடியில் கூரை உள்ளே போனது. இரண்டாவதில் முன் கண்ணாடி தெறித்து என் வேட்டியில் விழுந்தது. நான் "ஆச்சி, ஆச்சி" என்று கத்தியதாக ஞாபகம். மகன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "ஆத்தா, என்ன பண்றீக? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார். "விடுப்பா" என்று ஒரே வார்த்தை. அவர் விட்டுவிட்டார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கதவு, சக்கரம், எல்லாம் தகரக் குப்பையாகிற வரைக்கும் அடித்தார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான்கு மாத உழைப்பு போச்சே என்று அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. பைத்தியக்காரியிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

மூச்சு வாங்க உலக்கையைக் கீழே போட்டுவிட்டு ஆச்சி என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிறாதீக தம்பி. நெசக் காரு கையில அகப்படலை. அதான் ஒங்ககிட்டச் செய்யச் சொன்னேன்."

அதன் பிறகு அவர் சொன்னதை என்னால் அவர் சொன்ன மாதிரி எழுத முடியாது. ஆச்சிக்கு மூத்தது ஒரு பெண் பிள்ளை. போட்டோவில் சிரித்தது அவள்தான். நாலு வயது. கொழுந்தனுக்குக் கல்யாணம், சித்திரை மாதம், வீடு முழுக்கக் கூட்டம். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடியிருக்கிறார்கள். இவள் ஷெட்டில் நின்ற காரின் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி ஒளிந்திருக்கிறாள். கதவு மூடிக்கொண்டது. இடது கதவில் உள்கைப்பிடி இல்லை. வலது கதவு சுவரை ஒட்டி நின்றது. முன்பக்கம் போக முடியாமல் நடுவில் கண்ணாடித் தடுப்பு.

"கல்யாண வீடு தம்பி. அங்குட்டு இருக்கா, இங்குட்டு இருக்கான்னு ஆளாளுக்கு நெனச்சுக்கிட்டோம். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரு எடுக்கப் போனப்பத்தான் பாத்தாக."

ஆச்சி அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். உப்பு, புளி எல்லாம் தனித்தனி. ஆனால் கார் எல்லோருக்கும் பொது. ஆச்சியும் அவர் கணவரும் மட்டும் வேண்டாம் என்று சொல்லி என்ன ஆகும்? கழுவி, சாம்பிராணி போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அடுத்த முகூர்த்தத்துக்கு அதே காரை எடுத்துவிட்டார்களாம். விற்கிற வரைக்கும் பல வருடம் கோயிலுக்கும் விசேஷத்துக்கும் ஆச்சி அதே பின் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

"வரலைன்னு ஒரு நாள் சொன்னேன். மாமனாரு, காரு என்ன செய்யும், நம்ம விதின்னாக. அப்பறம் நான் வாயத் தொறக்கலை. அந்தக் காரை ஒரு அடி அடிச்சிருந்தாப் போதும் தம்பி. அதுக்குக்கூட முடியலை."

மகன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "அக்கா காய்ச்சல்ல போயிட்டான்னுல்ல சொன்னீக ஆத்தா" என்றார். அறுபதை நெருங்குகிற மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். ஆச்சி தலையை மட்டும் ஆட்டினார். காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சேர்ந்து சொல்ல முடிவு செய்தார்களாம்.

அந்தப் பிள்ளையை மறுபடியும் அதே சீட்டில் உட்கார வைத்து, அசையாதபடி ஒட்டி, ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே கொண்டு வந்தவன் நான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆச்சி பொத்திய கையைக் காட்டி, "நீங்க வச்சதுனாலதான தம்பி இவள நான் வெளிய எடுக்க முடிஞ்சுச்சு" என்றார். அப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

அந்த நிமிடத்தில் திடீரென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் வந்து இறங்கும்போது தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் காரைச் சுற்றி நின்றார்கள். தூசி படியாமல் இருக்கக் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, பூட்டாமல் வந்திருந்தேன். செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடியது அன்றைக்கு மட்டும்தான்.

காருக்குள் யாரும் இல்லை. பிள்ளைகள் எதிர்வீட்டு நிழலில் போனை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர் வந்தது. ஆனாலும் மனது கேட்கவில்லை. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சாத்திக்கொண்டேன். உள்பக்கக் கைப்பிடி பளபளவென்று இருந்தது. நானே தேடிப் பிடித்து மெருகு போட்டு மாட்டியது. அதைத் திருப்பினேன். சுற்றியது. கதவு திறக்கவில்லை. பூட்டோடு சேர்க்கிற கம்பியை நான் இணைக்கவேயில்லை. மாடல் காரில் கைப்பிடி இருந்தால் போதும் என்று மாட்டுகிற மாதிரி, ஆள் ஏறி உட்காருகிற காரிலும் அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறேன்.

வெயிலில் நின்ற கார். கொஞ்ச நேரத்திலேயே சட்டை நனைந்து மூச்சு முட்டியது. முன் சீட்டுக்குத் தாவலாம் என்று தெரியும். ஆனாலும் கை கால் ஓடவில்லை. பின்னாலேயே வந்த ஆச்சியின் மகன்தான் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். காரை ஓட்டுகிற நிலைமையில் நான் இல்லாததால், அவரே என்னைக் காரைக்குடி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்.

பிறகு ஒரு முறை அவர் போன் செய்தார். அந்தப் பொம்மை ஆச்சியின் தலைமாட்டில் இருக்கிறதாம். அந்தப் பிள்ளையின் பெயரை வீட்டில் இப்போதுதான் சத்தமாகச் சொல்கிறார்களாம். பெயர் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கும் கார் வேலை பார்க்கிறேன், மாடலும் செய்கிறேன். ஆனால் எந்தக் காரை முடித்தாலும் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாலு வயதுப் பிள்ளையின் பலம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பலத்தோடு மட்டும் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கிறேன். கதவு திறந்தால்தான் அது எனக்குக் கார்.