உப்புத்தாளும் பத்து நகங்களும்

நிச்சயத்தட்டில் புடவைக்கும் தேங்காய்க்கும் நடுவே ஒரு சின்ன பாட்டில் இருந்தது. ரோஜா நிற நகப்பூச்சு. மாப்பிள்ளை வீட்டார் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி வந்தது. அறுபதுகளில் செஞ்சியில் நகத்துக்கு நிறம் என்றால் மருதாணிதான். மாப்பிள்ளையின் அக்கா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகத்த வழவழன்னு தேச்சி, எண்ணெய்ப் பசை போவத் தொடச்சிட்டு அப்புறமா பூசணும். கல்யாணத்தன்னிக்குப் போட்டுக்கோ" என்றார். தலையாட்டினேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டுவதுதான் அந்த மாதம் முழுக்க என் வேலை.

பெண் பார்க்க வந்தவர்கள் கோட்டையைப் பார்த்த நேரம்கூட என்னைப் பார்க்கவில்லை. நானும் மாப்பிள்ளையை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்தேன். ஆபீஸ் வேலை என்றார்கள். அந்த நகப்பூச்சு அவர் ஆசையா, அவருடைய அக்காவின் ஆசையா? என்னைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால், அம்மா வைத்துவிட்ட மருதாணி பத்து நகத்திலும் கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. நானும் என் அக்காவும் அதன்மேல் ஒரு விரலில் ரோஜாவைப் பூசிப் பார்த்தோம். அழுக்குத் துணி மாதிரி ஒரு நிறம் வந்தது.

"சொரண்டி எடுத்துடலாமா?" என்றாள் அக்கா.

"இன்னாடி இது? கல்யாணப் பொண்ணு மருதாணிய யாராச்சும் சொரண்டுவாங்களா? அதுவும் செவ்வாக்கெழம நகத்துல கை வெப்பாங்களா?" என்று அம்மா கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அவங்க குடுத்தத போடலன்னாலும் பேசுவாங்க" என்றார். எடுக்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?

நைனாவுக்குக் கடைவீதியில் இரும்புக்கடை. அக்கா அங்கிருந்து, கதவைத் தேய்க்கிற உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து வந்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுத் தேய்த்தோம். சிவப்பு போனது. கூடவே நகத்தோரத் தோலும் போனது. எண்ணெய்ப் பசை போகச் சீயக்காய் போட்டுக் கழுவியதில் கை பற்றி எரிந்தது. பூச்சு பட்டதும் உயிரே போனது. அதையும் துடைத்துவிட்டு பாட்டிலை மூடிவிட்டேன். மருதாணியும் இல்லை, ரோஜாவும் இல்லை. வெளுத்துப்போன நகங்களைப் பார்த்து அழுதேன்.

மறுநாள் தாரை வார்க்கும்போது என் கையை அவர் கையில் வைத்தார்கள். நைனா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருடைய சுண்டுவிரல் தோல் உரிந்து கிடந்தது. நகத்தோரத்தில் கொஞ்சம் மருதாணி மிச்சமிருந்தது.

மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குனிந்து, "எங்கம்மா மருதாணி வெச்சிட்டாங்க. ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டேன். உனக்கு இன்னா ஆச்சி?" என்றார்.

"நீங்க சிரிப்பீங்கன்னு நானும் அதாலதான் தேச்சேன்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை என் நகங்களைத் தன் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார்.